கல்லு மாதிரி இருக்கணும்

ஜாக்கி விழவில்லை. அதுதான் பிரச்சினையே.

விழுந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். மலைப்பாதையில் சைக்கிளோடு உருண்டு, தோள்பட்டை ஒடிந்து, முகத்தில் நாலு கீறலோடு வந்திருந்தால், லோடிங் யார்டில் ஆளாளுக்கு வந்து பார்த்து "அடேயப்பா" என்றிருப்பார்கள். இவன் செய்தது என்ன? ஒரு மர வேரிலிருந்து கீழே குதித்தான். முழங்கால் உயரம்கூட இருக்காது. இரண்டு சக்கரமும் ஒழுங்காகத் தரையில் வந்து உட்கார்ந்தன. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனும் அதன் மேலேயேதான் இருந்தான். முதுகு மட்டும் வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

ஜாக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. லாரிக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிற ஜாக்கிதான். வீட்டுச் சாமான்களை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபது வருஷமாகச் சுமை தூக்குகிறான். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை வார்ப்பட்டை கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடிக்குப் போய், அங்கே நின்று வீட்டுக்காரம்மாவிடம் "எந்த மூலைங்க?" என்று மூச்சு வாங்காமல் கேட்பான். அப்படிப்பட்ட முதுகு, அவன் கையால் தூக்கிவிடக்கூடிய ஒரு சைக்கிளிடம் தோற்றது.

அவனை மலையேற்றி விட்டது மச்சான். மனைவியின் தம்பி. டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உடம்பெல்லாம் கவசம் மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்குப் போய்விடுவான். புது சைக்கிள் வாங்கியபோது பழையதை ஜாக்கிக்குக் கொடுத்தான். "சும்மா ஓட்டிப் பாருங்க மாமா, வேலை அலுப்பெல்லாம் பறந்துடும்" என்றான். பறந்தது உண்மை. ஆறு ஞாயிற்றுக்கிழமை பறந்தது. ஏழாவது ஞாயிறு, முதன்முதலாகக் குதித்துப் பார்த்த ஜாக்கி பாதை ஓரத்தில் வெட்டிப்போட்ட மரம் மாதிரிக் குப்புறக் கிடந்தான்.

"மாமா, எழுந்திருங்க."

"எழுந்திருக்கத்தான்டா பாக்குறேன். கீழ இருந்து பதில் வரல."

மச்சான் பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். பிறகு அக்காவுக்குச் செய்யப் பயந்து யார்டு மேஸ்திரிக்குச் செய்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் பலகையோடு மேலே வந்தார்கள். அசையாமல் பட்டி போட்டுக் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் அந்த ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேரால் இந்த உடம்பை இறக்க முடியாது என்பது தெரிந்தது. அதற்குள் மேஸ்திரி நாலு ஆளோடு வந்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், "பத்திரமா, முதுகு ஆடக் கூடாது" என்று சொன்னதுதான் தாமதம், மேஸ்திரிக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது.

"தலைப்பக்கம் ரெண்டு பேரு. கால் பக்கம் ரெண்டு பேரு. கதவெல்லாம் சாத்தியிருக்கான்னு பாத்துக்குங்கடா. வாய் தொறந்திருக்கு பாரு."

"மேஸ்திரி, வலிக்குது..."

"பீரோ பேசக் கூடாது. ம், தூக்கு. மெல்ல. இடப்பக்கம் மரம். சாய்க்காதே, சாய்க்காதே, உள்ள கண்ணாடி இருக்கு."

வழி நெடுக அப்படித்தான். வளைவு வரும்போதெல்லாம் "திருப்பு, திருப்பு, மூலை இடிக்கும்" என்று கத்தினார்கள். கீழே வந்து வண்டியில் ஏற்றிவிட்டு, மேஸ்திரி பழக்கதோஷத்தில் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "ஒரு கீறல் இல்ல, பாத்துக்குங்க" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் ஒப்படைத்தார். ஜாக்கி சிரித்தான். சிரித்தபோது வந்த வலியில் கண்ணீரும் வந்தது. எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு அமுங்கி லேசாக விரிசல் விட்டிருந்தது. நரம்புக்குச் சேதமில்லை. அறுவை வேண்டாம், இடுப்புக்கவசம் போட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும், பிறகு பயிற்சி செய்து தேற்றலாம் என்றார் டாக்டர். "எங்கேருந்து விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"விழலீங்க."

"வண்டி எதுலயாவது மோதிச்சா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இறங்குச்சு."

டாக்டர் படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த மனைவியும் எட்டி அதே படத்தைப் பார்த்தாள். அது நல்ல அறிகுறியல்ல.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். இவனைவிடக் கொஞ்சம் கனம், இவனைவிட நிறைய நிதானம். வீட்டில் கொஞ்சலாக இருக்கும்போது "யோவ்" என்பாள். வெளியாள் முன்னால் "ஏங்க" என்பாள். "நீங்க" என்று முழு மரியாதையோடு ஆரம்பித்தால் அன்றைக்கு வீட்டில் இடி இறங்கப்போகிறது என்று அர்த்தம். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, கூடத்துச் சுவரில் கொக்கியில் தொங்கிய சைக்கிளுக்கு அடியில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"நீங்க படுத்திருங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க. இது போகட்டும்."

"எங்க போகட்டும்?"

"வாங்குறவன் வீட்டுக்கு."

"ஏம்மா, நான் படுத்திருக்கற நேரம் பாத்து..."

"நிக்கற நேரத்துல சொன்னா ஏறி உக்காந்து ஓடிடுவீங்களே."

ஜாக்கிக்கு நெஞ்சு கலங்கியது. முதுகு போனதற்குக்கூட அவன் இவ்வளவு கலங்கவில்லை. இருபது வருஷம் மேலே ஏறுவதுதான் அவன் பிழைப்பு. சுமையோடு ஏறுவான், வெறுங்கையோடு இறங்குவான். இறங்குவது என்றால் அடுத்த சுமைக்குப் போவது, அவ்வளவுதான். அந்தக் குன்றில்தான் முதன்முதலாக, இறங்குவதற்காகவே ஏறினான். காது ஓரம் காற்று விர்ரென்று போகும்போது, நாற்பத்துநாலு வயசு ஆள் வாயைத் திறந்து கத்தினான். கேட்க ஆள் இல்லை என்பதால் இன்னொரு தடவையும் கத்தினான். இதையெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் முதுகோடு தலைக்கும் ஒரு படம் எடுக்கச் சொல்வாள்.

"டாக்டரே ஓட்டலாம்னு சொன்னா?" என்றான்.

அவள் யோசித்தாள். அநியாயம் செய்கிறவள் அல்ல. "எங்க டிப்போல ஒரு சட்டம் உண்டு. பஸ் எங்கயாவது இடிச்சிட்டா, ஏன் இடிச்சுதுன்னு கண்டுபிடிக்காம திருப்பி ரோட்டுக்கு விட மாட்டாங்க. பிரேக்கா, டிரைவரா, ரோடான்னு தெரியணும். விழாம, மோதாம ஒரு ஆளோட முதுகு ஏன் போச்சு? அதுக்குக் காரணம் சொல்லுங்க. சரியான காரணமா இருந்தா, டாக்டரும் சரின்னா, இது இங்கயே தொங்கட்டும். இல்லைன்னா நீங்க எழுந்து நடக்கற அன்னிக்கு இதுவும் நடையைக் கட்டணும்."

அன்றிலிருந்து ஜாக்கிக்குப் படுத்த இடத்தில் ஒரே வேலை, காரணம் தேடுவது.

"வேரு ஈரமா இருந்துச்சு" என்றான் மறுநாள்.

"ஈரமா இருந்தா வழுக்கணும். வழுக்குச்சா?"

"இல்ல."

"அப்ப அடுத்தது."

ஷூவின் மேல் பழியைப் போட்டான். இரும்பு முனை வைத்த வேலை ஷூவோடு ஓட்டியது தப்பு என்றான். "கால் விரலா உடைஞ்சுது?" என்றாள். பெல்ட்டைச் சொன்னான். சுமை தூக்கும்போது கட்டுகிற அகலமான தோல் பெல்ட்டை, பாதுகாப்பு என்று நினைத்து மலையிலும் கட்டிக்கொண்டு போயிருந்தான். மச்சான் அதைப் பார்த்து, "மாமா, சைக்கிளை ஓட்டப் போறீங்களா, தூக்கப் போறீங்களா?" என்று கேட்டது உண்மை. ஆனால் பெல்ட் கட்டினால் முதுகு உடையும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கடைசியில் மச்சான் காட்டிய வழி சரியில்லை என்றான். அந்தச் சமயம் மச்சான் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு முன்னாடி போனது நீங்க மாமா. நான் பின்னாடிதானே வந்தேன்?"

"பின்னாடி இருந்து தப்பா காட்டியிருப்பே."

பார்க்க வந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. யார்டு ஆட்கள் ஆளுக்கொரு தைலமும் ஆளுக்கொரு கிண்டலும் கொண்டுவந்தார்கள். மேஸ்திரி கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, "மேல் மாடி காலி, நடு மாடி ரிப்பேர். வாடகைக்கு விட முடியாது தங்கச்சி, வச்சு நீதான் காப்பாத்தணும்" என்று மனைவியிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

கட்டிலிலிருந்து எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவள் சின்ன வயசுக்காரி. குரல் மட்டும் பள்ளிக்கூட மணி மாதிரி இருந்தது. அறையில் மெத்தை, கண்ணாடி, ரப்பர் பட்டை, கலர் கலராகப் பெரிய பந்துகள். இவன் முதலில் ஏதோ பாலர் வகுப்புக்குள் நுழைந்துவிட்டோம் என்றே நினைத்தான்.

"கீழ கிடக்கற அந்த டவலை எடுங்க, பாக்கலாம்."

ஜாக்கிக்கு ரோஷம் வந்தது. டவலா? முதுகைத் தேக்குப் பலகை மாதிரி விறைத்து, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, அலமாரியைத் தூக்குகிற தோரணையில் டவலை எடுத்தான்.

"ஏன் சார் இவ்வளவு விறைப்பு?"

"அப்படித்தான் மேடம் தூக்கணும். உடம்பு கல்லு மாதிரி இருக்கணும்."

"கல்லுதான் சார் விரிசல் விடும். இடுப்புல மடங்குங்க, முட்டியை லேசா விடுங்க. மூச்சை ஏன் பிடிக்கறீங்க? அது யாருக்கும் வேண்டாம், வெளிய விடுங்க."

பிறகு ஒரு பெரிய பந்தின் மேல் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். பந்து அமுங்கியது. ஜாக்கி திடுக்கிட்டு எழுந்துவிட்டான்.

"மேடம், இதுல காத்து கம்மியா இருக்கு. பம்ப் இருந்தா குடுங்க, நானே அடிச்சுத் தர்றேன்."

"காத்து சரியாத்தான் சார் இருக்கு. அது இறங்கணும். உக்காருங்க."

அவன் நம்பாமல் உட்கார்ந்தான். வாரக்கணக்கில் அப்படி உட்கார்ந்து எழுந்தும் அவனுக்கு அந்தப் பந்தின் மேல் நல்லெண்ணம் பிறக்கவில்லை. ஆனால் முதுகு தேறியது. படி ஏறினான். ஷூவுக்கு நாடா கட்டினான். யார்டுக்குப் போய்ச் சுமை தூக்காமல், கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் வேலையை மட்டும் செய்தான். டாக்டர் படத்தைப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிளும் ஓட்டலாம் என்றே சொல்லிவிட்டார். ஆனால் காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

மனைவி சொன்ன சொல் மாறாதவள். ஒரு சனிக்கிழமை, "நாளைக்குக் காலையில ஒருத்தர் வந்து பாக்கறேன்னாரு" என்றாள். ஜாக்கி கப்பல் கவிழ்ந்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை அவளே சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினாள். அவன் குனிந்து தூக்கக் கூடாதே. ஈரத் துணியால் துடைத்தாள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். விரல்தான் அமுங்கியது. சீட்டைத் தாழ்த்தும் பொத்தானை அமுக்கிக்கொண்டு சீட்டைக் கையால் அழுத்தினாள். சீட் புஸ்ஸென்று இறங்கியது. விற்கிற பொருளை ஒரு தடவை பார்க்காமல் எப்படி விற்பது என்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் லேசாக எம்பி அமர்ந்தாள். இன்னொரு தடவை எம்பினாள்.

"யோவ். இது ஸ்பிரிங் வச்ச சைக்கிள்தானே?"

"ஸ்பிரிங் இல்ல, காத்து. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்குல காத்து. சீட்டுக்குக் கீழ இருக்கே அந்த ஷாக், அதுலயும் காத்து."

"அப்புறம் ஏன் இறங்க மாட்டேங்குது?"

"ஏன் இறங்கணும்?" என்றான் ஜாக்கி. குரலில் ஒரு பெருமை இருந்தது.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"உன் தம்பி குடுத்தப்ப பாக்கணும் நீ. ஏறி உக்காந்தா அசிங்கமா இறங்குச்சு. ஆளு ஏறினதுக்கே இறங்கற வண்டி லோடு தாங்குமா? யார்டுக்குக் கொண்டுபோனேன். நானும் மேஸ்திரியும் கூடவே அவன் குடுத்த சின்னப் பம்ப்பை வச்சு மாத்தி மாத்தி அடிச்சோம். கடைசியில அவரு மேல ஏறி நின்னே குதிச்சாரு. அசையல. 'இப்பதான்டா வண்டி'ன்னாரு. டயரும் அப்படித்தான், தள்ளுவண்டி டயர் மாதிரி."

அவன் சொன்னதில் அவனைப் பொறுத்தவரை ஒரு தப்பும் இல்லை. யார்டில் அதுதான் வேதம். தள்ளுவண்டிச் சக்கரம் கல்லு மாதிரி இருக்கணும். கயிறு தட்டினால் வீணை மாதிரி ஒலிக்கணும். லாரியின் ஸ்பிரிங் பட்டை தாழ்ந்தால் சுமை அதிகம், பலகை வளைந்தால் ஆபத்து, கட்டு தளர்ந்தால் யாரோ ஒருவர் கால்விரல் போகும். இருபது வருஷம் எது இறங்கியதோ அது உடைந்ததைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

மனைவி சைக்கிளைவிட்டு இறங்காமலே கேட்டாள். "நான் தினமும் டிப்போவுல பஸ்ல ஏறினதும் முதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"கண்ணாடி பாத்து முடி சரி பண்ணுவே."

"அது ரெண்டாவது. முதல்ல சீட்டுல உக்காந்து எவ்வளவு இறங்குதுன்னு பாப்பேன். அதுவும் காத்து சீட்டுதான். எனக்கு முன்னாடி ஷிஃப்ட் பாக்கறவரு, ஆளு ரெண்டு என்னை மாதிரி. அவரு வெயிட்டுக்குக் காத்து ஏத்தி வச்சிருப்பாரு. மாத்தாம ஓட்டினா ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுத்தண்டுல வந்துதான் டிக்கெட் எடுக்கும். இறங்கினாத்தான்யா அடியை அது வாங்கும். இல்லைன்னா நீதான் வாங்கணும்."

"பஸ் வேற, இது வேற" என்றான் ஜாக்கி. ஆனால் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலாவது இறங்கக் கற்றிருந்தது.

அவள் தம்பிக்குப் போன் போட்டு சத்தமாக வைத்தாள். மச்சான் தூக்கக் கலக்கத்தில் பேசினான். "நான் மாமா வெயிட்டுக்குச் சரியா செட் பண்ணித்தானே அக்கா குடுத்தேன்? மாமா, பம்ப்பை மாட்டி முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லுங்க."

ஜாக்கி பம்ப்பை மாட்டினான். பம்ப்பில் காற்றின் அளவு காட்டும் முள் எழுந்து கடைசிக் கோட்டை ஒட்டிப் போய் நின்றது. அவன் அதைச் சொன்னான். போனில் மச்சான் எழுந்து உட்காருகிற கட்டில் சத்தம் கேட்டது.

"மாமா."

"சொல்றா."

"அது சைக்கிளே இல்ல மாமா. சம்மட்டி. வேருல இருந்து குதிச்சு உங்க முதுகுல நீங்களே ஓங்கிப் போட்டிருக்கீங்க."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டாரு" என்றாள் அக்கா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பியது குரல். "நீ பெரிய இவன் மாதிரி கவசம் மாட்டிட்டுப் போறியே, ஏழு வாரத்துல ஒரு தடவை அந்த முள்ளைப் பாத்தியா? மாமாவுக்கு நீ குடுத்தது சைக்கிளா, சீதனமா, குடுத்ததோட மறந்துட?" மச்சான் போன் சார்ஜ் குறைந்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்தான்.

ஜாக்கிக்குக் காது சூடாகியது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதற்கு அடியிலிருந்து, மெல்ல, ஒரு நினைப்பு தலையைத் தூக்கியது. அவன் மனைவியைப் பார்த்தான். அவளும் அதே நேரத்தில் அதையேதான் நினைத்தாள் என்பது அவள் உதட்டைக் கடித்ததில் தெரிந்தது.

"ஏம்மா."

"பேசாதீங்க."

"காரணம் கிடைச்சிடுச்சு போல இருக்கே?"

"கண்டுபிடிச்சது நானு."

"யாரு கண்டுபிடிக்கணும்னு நீ சொல்லவே இல்ல."

வாசல் மணி அடித்தது. வாங்க வந்தவர் கண்ணாடி போட்ட, மரியாதையான ஆள். கதவைத் திறந்தவள் இரண்டு விநாடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டான். யாருக்கும் வேண்டாத மூச்சு.

"மன்னிச்சுக்குங்க சார், விக்கல" என்றாள். "சைக்கிள்ல கோளாறுன்னு நினைச்சோம். கோளாறு ஓட்டறவர்கிட்ட இருக்கு. அவரை விக்கலாம்னா யாரும் வாங்க மாட்டாங்க."

திங்கட்கிழமை இந்த விஷயம் யார்டுக்குள் எப்படி வந்தது என்று ஜாக்கிக்குத் தெரியாது. மேஸ்திரி ஒருவரிடம்தான் அவன் சொல்லியிருந்தான். அவரும் அவனைக் காகிதக்கட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய், "நானும் பம்ப் அடிச்சேன்னு வெளிய வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கெஞ்சியிருந்தார். ஆனால் யார்டைத் தாண்டிப் போகும் பேருந்தை ஓட்டுகிறவள் யார்? மத்தியானத்துக்குள், மேஸ்திரி எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவன் ஓடிவந்து, "இருங்க மேஸ்திரி, இறங்குதான்னு பாக்கறேன்" என்று நாற்காலியை அமுக்கிப் பார்த்துக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு மூவரும் குன்றுக்குப் போனார்கள். மனைவி வரவே போவதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெரிய பாதை இன்னும் கூடாது. அடிவாரத்துக்குப் பக்கத்தில், புல் சரிவாக இறங்கி, நடுவில் ஒரு சின்ன மண்மேடு ஏறி இறங்கும் இடம் ஒன்று உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் ஓட்டுமிடம். பெரிய பாதையும் இந்தச் சரிவின் ஓரமாகத்தான் மேலே போகிறது.

மச்சான் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, ஜாக்கி ஏறி உட்கார்ந்தான். மனைவி வால்வில் நகத்தை வைத்து அமுக்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. சைக்கிள் அவனுக்கு அடியில் தாழ்ந்தது.

"இறங்குது, இறங்குது!"

"இறங்கட்டும்."

"போதும்மா, இன்னும் இறங்குது!"

"யோவ், லாரியா கவுறுது? சும்மா இருய்யா." மச்சான் ஷாக்கின் மேல் இருந்த ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, "போதும் அக்கா" என்றான். முன் ஃபோர்க்குக்கும் அப்படியே. டயருக்கும் அப்படியே. பெல்ட் வீட்டில் இருந்தது. மச்சானின் பழைய முழங்கால் கவசம் இவன் காலில் கொஞ்சம் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் தயார். தடுக்க ஒருவரும் இல்லை.

ஜாக்கி ஹெல்மெட் வாரை இறுக்கினான். பிறகு தளர்த்தினான். தண்ணீர் குடித்தான். கையுறையைக் கழற்றித் திருப்பிப் போட்டான். முன் டயரில் காற்று கொஞ்சம் அதிகமாகக் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்றான். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றான். வெயில் முதுகுப் பக்கம் இருந்தது.

"போங்க மாமா" என்றான் மச்சான்.

"போறேன்டா. அவசரம் என்ன?"

மனைவி அவன் கையைப் பார்த்தாள். இரண்டு பிரேக்கையும் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இத்தனை மாதம் அவள்தான் குறுக்கே நின்றாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவன் உட்பட. அவள் நகர்ந்ததும் அவளுக்குப் பின்னால் இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. ஜாக்கிக்கு அன்றைக்கு வேரிலிருந்து இறங்கியபோது உள்ளுக்குள் கேட்ட ஒரு சத்தம் ஞாபகம் வந்துவிட்டது. எலும்புச் சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. நாலாவது மாடியில் கால் இடறினால்கூட அசராதவனுக்கு, அந்தப் புல் சரிவைப் பார்த்ததும் கால் பெடலில் ஏற மறுத்தது. பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் தொழிலில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. 'கை வேர்க்குது' என்பார்கள், அவ்வளவுதான்.

"கை வேர்க்குது" என்றான்.

கிண்டல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"நகரு" என்றாள் அவள். "கழட்டு அந்த ஹெல்மெட்டை."

"எதுக்கு?"

"நான் போறேன்."

"அக்கா, உனக்கு..."

"பன்னண்டு மீட்டர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கறவ. இது எனக்குத் தூசு."

அவள் ஏறினாள். மலைச் சைக்கிளில் எப்படிக் குனிந்து உட்கார வேண்டும் என்று மச்சான் சொல்லச் சொல்ல, முதுகை நேராக நிமிர்த்தி, பேருந்து ஓட்டுகிற அதே அமர்த்தலோடு உட்கார்ந்தாள். பின்னால் திரும்பி இரண்டு பக்கமும் பார்த்தாள், ஏதோ வண்டி வருவது போல. பிறகு விட்டாள்.

சரிவின் பாதி வரை கௌரவமாகப் போனாள். மண்மேட்டில் சைக்கிள் ஏறியது, அமுங்கியது, எழும்பியது. சக்கரம் இரண்டும் ஒரு நொடி தரையைவிட்டன. "ஐயோ" என்று அவள் அலறியது மேல் வரைக்கும் கேட்டது. இறங்கும்போது சைக்கிள் முழங்கால் மடக்குகிற ஆள் மாதிரித் தாழ்ந்து, அவளைப் பதமாகத் தாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் அலறவில்லை. வேறு ஒரு சத்தம் போட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் ஜாக்கி கேட்டிராத சத்தம்.

கீழே போய் நின்றவள் வெகுநேரம் திரும்பவே இல்லை. ஜாக்கி சரிவில் நடந்து இறங்கினான். மண்மேட்டைத் தாண்டும்போது நின்று அதைக் காலால் மிதித்துப் பார்த்தான். வெறும் மண். அவள் முகம் சிவந்து, முடி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பிதுங்கி நின்றது.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ஆமாய்யா. ரொம்பவே இருந்துச்சு." அவள் அதை வெட்கமில்லாமல் சொன்னாள். "போற வரைக்கும்தான் இருக்கு. போக ஆரம்பிச்சா, பயப்படறதுக்கு நேரமில்ல."

அவன் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு சைக்கிளையும் வாங்கினான். தூக்கவில்லை, தள்ளிக்கொண்டே மேலே ஏறினான். பாதி வழியில் மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று விட்டுவிட்டான். மேலே வந்து ஏறி உட்கார்ந்தான். அது தாழ்ந்தது. இந்த முறை எதுவும் சொல்லவில்லை. பிரேக்கிலிருந்து ஒரு விரலை எடுத்தான். பிறகு இன்னொன்றை.

மேடு வந்தது. பழைய பழக்கத்தில் முதுகு விறைக்கப் பார்த்தது. வாயைத் திறந்து மூச்சைக் கத்தலாகவே விட்டான். முட்டி மடங்கியது, இடுப்பு மடங்கியது, ஷாக் மடங்கியது. எல்லாம் சேர்ந்து இறங்கின, எல்லாம் சேர்ந்து எழுந்தன. எங்கேயும் எதுவும் இடிக்கவில்லை. இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதற்குள் சரிவு முடிந்து, புல்லில் சைக்கிள் தானாக வேகம் குறைந்து, அவள் முன்னால் வந்து நின்றது.

"முதுகு?" என்றாள்.

"இருக்கு."

"இருக்குன்னா?"

"இருந்த எடத்துலயே இருக்கு."

அவள் அவனுக்குப் பின்னால் வந்து, இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். அவன் அசையாமல் நின்று கொடுத்தான். மேலே மச்சான் தன் புது சைக்கிளோடு நின்று, நான் எப்போது இறங்குவது என்று கையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"சரி" என்றாள் அவள், கையை எடுத்து அவன் ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டே. "இறங்கு. அடுத்தது என் முறை."

"இப்பதானே நான் ஏறினேன்!"

"நீ ஏழு வாரம் ஓட்டியிருக்கே. நான் ஒரு தடவைதான்."

அவன் இறங்கவில்லை. அவள் ஹேண்டிலை விடவில்லை. புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்த நாலைந்து பேர், ஒரு சைக்கிளுக்காக நடுத்தர வயசுக்காரர்கள் இரண்டு பேர் இப்படி மல்லுக்கட்டுவதை நின்று வேடிக்கை பார்த்தார்கள்.